பைக் சர்விஸ்: வீட்டு முற்றத்திலா, கராஜிலா, கம்பனியிலா?

புரட்டாதி முடிகிற நேரம் வந்துவிட்டால் எங்கள் பாடசாலையில் ஆசிரியர்கள் இருக்கும் அறையில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். "சேர், மாரிக்கு முதல் பைக்கை ஒருக்காப் பார்க்க வேணும். கராஜில விடவா, கம்பனிக்குக் கொண்டு போகவா, இல்லாட்டி நீங்க செய்யிற மாதிரி வீட்டிலயே செய்யவா?" போன வருடம் மட்டும் நாலைந்து பேர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறாக இருந்தது. ஏன் வேறாக இருந்தது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பில், ஆரையம்பதியில் இருந்து மண்முனைப் பாலம் தாண்டி வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய் வருகிறவன். 2014இல் பாலம் திறந்த பிறகு பாதைக்காக, அதாவது ஆட்களையும் பைக்கையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்காக, கரையில் காத்து நிற்கும் வேலை இல்லை. ஆனால் பாலத்துக்கு அங்கால் உள்ள கிரவல் ரோட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. கச்சான் அடிக்கும் மாதங்களில் தூசி, மாரியில் சேறு, வீட்டுக்கு வந்தால் கடற்கரை உப்புக் காற்று. மூன்றையும் ஒரே பைக் தாங்க வேண்டும்.

பைக்குகளும் புதியவை அல்ல. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி மறுபடி திறக்க 2025 ஆயிற்று. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்ததை வைத்துத்தான் எல்லோரும் ஓடினோம். 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. பிறகு பெற்றோல் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டைக்குக் கிடைத்த சில லீற்றரில் வாரத்தை ஓட்ட வேண்டியிருந்தது. அடைபட்ட எயார் ஃபில்டர் எவ்வளவு பெற்றோல் குடிக்கும் என்பதை நான் கவனித்தது அந்த மாதங்களில்தான். வீட்டில் ஸ்பானர் பிடிக்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

## முதலில் எதை வைத்து அளப்பது?

கூலி எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறோம். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதல் கேள்வி வேறு: இந்த வேலையில் நான் பிழை விட்டால், அது வீட்டு முற்றத்தில் தெரிய வருமா, கல்லடிப் பாலத்தில் ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது தெரிய வருமா? பிளக்கைச் சரியாகப் போடாவிட்டால் பைக் ஸ்டார்ட் ஆகாது, முற்றத்திலேயே தெரிந்துவிடும். பிரேக்கில் விட்ட பிழை அப்படி முன்கூட்டித் தெரியாது.

இரண்டாவது, எஞ்சினுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் என்ன போகிறது என்பது நமக்குத் தெரிகிறதா? ஓயிலின் தரமும் பாட்ஸின் தரமும் கூலியை விடப் பெரிய விசயம். மூன்றாவது, பைக் இல்லாமல் எத்தனை நாள் சமாளிக்கலாம்? நகரத்துக்குள் இருப்பவருக்கு ஒரு நாள் ஒன்றுமில்லை. வெல்லாவெளிப் பக்கம் இருப்பவருக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள் லீவு. நாலாவது, பைக்கின் வயது: வாரண்டி இருக்கிறதா, எஞ்சினுக்குப் பெற்றோல் கொடுப்பது பழைய முறைக் காபரேட்டரா, எலக்ட்ரானிக் ஃபியூல் இன்ஜெக்ஷனா? இவற்றுக்குப் பிறகுதான் காசு. அதிலும் கூலியை மட்டும் கணக்குப் பார்க்காமல் ஆயுதம் (ஸ்பானர், குறடு போன்றவை), போக்குவரத்து, பிழை விட்டால் வரும் செலவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

## வீட்டில் நாமே செய்வது

நம்பி இறங்கக்கூடிய வேலைகள் இவை: ஓயில் மாற்றுவது, செயின் கழுவி இறுக்குவது, எயார் ஃபில்டர், பிளக், பற்றரி, டயர் காற்று, கேபிள்களுக்கு ஓயில் விடுவது. ஒரு வருடத்தில் பைக்குக்குத் தேவைப்படும் கவனிப்பில் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடும்.

செயினில் இருந்து தொடங்குங்கள். நாவலடி, கல்லடி, காத்தான்குடிக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களின் செயின் இரண்டு கிழமையில் துரு நிறமாகிவிடும். டபிள் ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தேய்த்து, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு 90 நம்பர் கியர் ஓயிலைச் செயினின் உள்பக்கம் துளித்துளியாக விட வேண்டும். நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் மேலும் கீழுமாக 25 முதல் 30 மில்லிமீற்றர் ஆட வேண்டும். அநேகமான 100, 150 சிசி பைக்குகளுக்கு இந்த அளவு பொருந்தும், சரியான அளவு கையேட்டில் இருக்கும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓட விட்டு, கியரில் போட்டுச் செயினைத் துடைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். துணி சிக்கினால் விரல் போகும். எந்த அவசரத்திலும் அதைச் செய்யாதீர்கள்.

எயார் ஃபில்டரில் இரண்டு வகை உண்டு. ஸ்பொஞ்ச் வகையைக் கழுவிக் காய வைத்து, லேசாக ஓயில் பிழிந்து திரும்பப் போடலாம். கடதாசி வகையை, அதிலும் ஓயில் பசையோடு வரும் கடதாசியை, கழுவவும் கூடாது, கம்பிரசர் காற்று அடிக்கவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். கிரவல் ரோட்டில் ஓடுகிறவர்கள் கையேட்டில் சொன்ன கிலோமீற்றருக்கு முன்னாலேயே மாற்றுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போதும் இது கைகொடுக்கும்.

பற்றரிக்கு ஒரு மல்டிமீற்றர் போதும். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது, 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் தேவை. எஞ்சின் ஓடும்போது 14 அளவுக்கு ஏறாவிட்டால் பற்றரியில் குறை இல்லாமல் சார்ஜிங்கில் இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு கராஜுக்குப் போனால் தேவையில்லாமல் புதுப் பற்றரி வாங்க மாட்டீர்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பூட்டும்போது கடைசியில் நெகட்டிவ். தண்ணீர் விடும் பற்றரி என்றால் வடித்த நீர் மட்டும்தான். நம்முடைய கிணற்றுத் தண்ணீர் அதற்குச் சரிவராது.

இனி ஓயில். இதில் நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். முதல் தடவை ஓயில் மாற்றி முடித்து, எஞ்சினுக்கு அடியில் ஓயில் வடிக்கும் துளையை மூடும் ஆணியை நீளமான ஸ்பானரால் "நல்லா இறுக்கி வைப்போம்" என்று இறுக்கினேன். அடுத்த நாள் காலையில் பைக்குக்குக் கீழே உள்ளங்கை அளவு ஓயில். அலுமினிய உடம்பில் புரி கழன்றுவிட்டது. மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டு, "சேர், இரும்பு ஆணிக்கு அலுமினியம் ஈடு குடுக்க ஏலா. வாஷர் நசியிற அளவு போதும்" என்றார். லேத்தில் கொடுத்துப் புதுப் புரி போட்டு எடுக்க இரண்டு நாள். ஓயில் மாற்றும் கூலி நாலு தடவைக்கு மேல் அந்த ஒரு ஆணிக்குப் போனது. அதற்குப் பிறகு ஆணியைக் கடைசி வரை கையால் சுற்றித்தான் பூட்டுகிறேன். கடைசி இறுக்கத்துக்குச் சின்ன ஸ்பானர், ஒவ்வொரு தடவையும் புது வாஷர்.

வீட்டு வேலையின் மறைந்த செலவு இப்படித்தான் வரும். ஆயுதங்களுக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும்: 8 முதல் 17 வரை நல்ல ரிங் ஸ்பானர், பிளக் ஸ்பானர், குறடு, காற்று பார்க்கும் கேஜ், ஓயில் பிடிக்கும் தட்டு. மலிவான ஸ்பானர் ஆணியின் தலையை உருட்டிவிடும், அதனால் குறைவாக வாங்கினாலும் நல்லதாக வாங்குங்கள்.

இன்னொரு செலவு நம்முடைய பையில் இருந்து போகாது, ஆனால் நம்மைத்தான் வந்து சேரும். நாங்கள் இருக்கும் எழுவான்கரை, அதாவது வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பக்கம், முழுக்க மணல். ஊற்றியது எல்லாம் நேரே கீழே இறங்கும், நாலு முழத்தில் தண்ணீர். பழைய ஓயிலை வளவு மூலையில் ஊற்றினால் அது நம்முடைய கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும்தான் போகிறது. வாவிக்குப் போகும் வடிகாலில் ஊற்றுவதும் அதே பாவம்தான். ஓயில் வந்த போத்தலிலேயே திரும்ப நிரப்பி, பரலில் சேர்த்து வைக்கிற கராஜ் ஒன்றில் கொடுத்துவிடுங்கள். கேட்டால் வாங்கிக்கொள்வார்கள்.

## கராஜ்

கராஜில் கிடைப்பதும் வீட்டில் கிடைக்காததும் ஒன்றுதான்: பழகிய காது. எஞ்சினுக்குள் வால்வுகளோடு சேர்ந்த தெப்பெட்டின் சத்தத்தையும் டைமிங் செயின் சத்தத்தையும் நான் இன்னும் குழப்பிக்கொள்கிறேன். இருபது வருடம் அதே வேலை செய்கிறவர் பைக் வாசலுக்கு வரும்போதே சொல்லிவிடுவார். தெப்பெட், கிளச் பிளேட், சக்கர பெயரிங், ஃபோர்க் ஓயில் சீல், வால்வு எல்லாம் அவருடைய வேலை. பஞ்சர் ஒட்டுவதை வீட்டில் கற்றுக்கொள்ளத் தேவையே இல்லை, சந்திக்குச் சந்தி கடை இருக்கிறது.

பிரேக்கையும் நான் இங்கேதான் கொடுப்பேன். டிரம் பிரேக்கில் பார்ப்பதும் சரிசெய்வதும் நம்முடைய வேலை: பிரேக் ஆர்மில் உள்ள அம்புக்குறி, முழுதாக அழுத்தும்போது பிளேட்டில் உள்ள அடையாளத்துக்கு நேரே வந்துவிட்டால் ஷூ முடிந்துவிட்டது என்று அர்த்தம். மாற்றுவது அவருடைய வேலை. டிஸ்க் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பேட் மாற்றிய பிறகு லீவரைப் பல தடவை அழுத்திப் பிடிப்பு வர வைக்காமல் ரோட்டில் இறங்கினால் முதல் பிரேக்கே பிடிக்காது. பிரேக் ஓயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டொட் 3 என்ற வகைப் பிரேக் ஓயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 140இலேயே கொதிக்கலாம் என்பதுதான் அதற்கான அளவுகோல். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், லீவர் வெறுமையாக இறங்கும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மூடியில் டொட் 3, டொட் 4 என்று எது எழுதியிருக்கிறதோ அதையே போடச் சொல்லுங்கள்.

கராஜின் மறைந்த செலவு, நாம் பார்க்காமல் உள்ளே போகும் பொருள். சில வருடத்துக்கு முன் அவசரத்துக்கு ஒரு கராஜில் ஓயில் மாற்றிக்கொண்டேன். பெரிய பரலில் இருந்து ஊற்றினார்கள், நானும் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் கிளச் வழுக்கத் தொடங்கியது. எஞ்சின் இரையும், பைக் ஏறாது. கியர் பைக்கில் கிளச் பிளேட் எஞ்சின் ஓயிலுக்குள்தான் குளிக்கிறது. அதற்கென்று ஜாசோ எம்ஏ என்று ஜப்பானியத் தர அடையாளம் போட்ட ஓயில் இருக்கிறது. காருக்கான சில ஓயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அது கிளச் பிளேட்டின் பிடியைக் கெடுக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு இந்தப் பயம் இல்லை, அதன் கிளச் ஓயிலில் நனைவதில்லை. ஜாசோ எம்பி ஓயில் அதற்குப் பொருந்தும். தடிப்பும் பைக்குக்குப் பைக் மாறும்: சிலவற்றுக்கு 10டபிள்யூ-30, சிலவற்றுக்கு 20டபிள்யூ-50. இந்தக் குறிப்பை ஒரு துண்டில் எழுதி சீட்டுக்குக் கீழே வைத்திருங்கள்.

## கம்பனி சர்விஸ்

கம்பனி என்று நாங்கள் சொல்வது பைக்கை விற்ற நிறுவனத்தின் சர்விஸ் நிலையத்தை. வாரண்டி ஓடுகிற பைக் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. குறித்த கிலோமீற்றருக்குக் கம்பனியில் சர்விஸ் செய்து புத்தகத்தில் முத்திரை வாங்குங்கள். இலவச சர்விஸ் என்றாலும் பொதுவாக இலவசம் கூலி மட்டும்தான், ஓயிலுக்குக் காசு போகும்.

2020 ஏப்ரலில் இந்தியாவில் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதி வந்த பிறகு அங்கே செய்யும் பைக்குகள் அநேகமாக எல்லாம் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. அந்த நேரத்தில்தான் நம்முடைய இறக்குமதியும் நின்றது. அதனால் நம் ரோட்டில் ஓடும் பழைய பைக்குகளில் காபரேட்டர்தான் அதிகம், 2025க்குப் பிறகு வருகிறவற்றில் இன்ஜெக்ஷன். மீற்றரில் எஞ்சின் விளக்கு எரிந்தால் அதைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். அது உள்ள மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் கம்பனிதான்.

கூலி கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாமல் போகும் செலவு தூரமும் நேரமும்: முதல் நாளே பதிய வேண்டும், காலையில் விட்டால் பின்னேரம்தான் கிடைக்கும், இடையில் ஓட்டோக் காசு. "இதையும் மாற்றினால் நல்லது" என்று பட்டியல் நீளும் இடமும் இதுதான். கழற்றிய பழைய பொருளைக் கையில் தரச் சொல்லுங்கள், மாற்றியதை நம்ப அது போதும்.

## பொருள் நம்முடையது, கை மெக்கானிக்குடையது

பத்து வருடப் பைக் வைத்திருக்கிற எனக்கு இப்போது பொருந்தியிருப்பது இந்த வழிதான். ஓயில், ஃபில்டர், பிரேக் ஷூ எல்லாம் நானே கல்முனையிலோ மட்டக்களப்பு நகரத்திலோ பாட்ஸ் கடையில் பார்த்து வாங்குவேன். பழகிய மெக்கானிக்கிடம் காலையில் முதல் ஆளாகப் போய், பக்கத்தில் நின்று பார்ப்பேன். பிரேக் ஷூ மாற்றுவதை மூன்று தடவை பார்த்த பிறகுதான் நாலாவது தடவை அவருக்கு முன்னால் நானே செய்தேன்.

இதிலும் ஒரு செலவு உண்டு. பாட்ஸில் கிடைக்கும் சிறு லாபத்தைச் சேர்த்துத்தான் பல மெக்கானிக்மார் கூலியைக் குறைவாகச் சொல்கிறார்கள். நாம் பொருளைக் கொண்டு போனால் அது அவர்களுக்கு இழப்பு. "பொருள் நான் கொண்டு வரலாமா, கூலி எவ்வளவு எடுப்பீங்க?" என்று முதலே கேட்டு, அவர் சொல்வதைப் பேரம் பேசாமல் கொடுங்கள். நாம் வாங்கிய பொருள் பழுதாகிப் போனால் அவரைக் குறை சொல்லவும் கூடாது.

| வேலை | எங்கே நல்லது | பிழை விட்டால் |
|---|---|---|
| செயின், டயர் காற்று, கேபிள் | வீடு | பெரும்பாலும் முற்றத்திலேயே தெரியும் |
| ஓயில் | வீடு, அல்லது நம் ஓயிலோடு கராஜ் | புரி கழலும், ஓயில் ஒழுகும் |
| பிளக், எயார் ஃபில்டர் | வீடு | ஸ்டார்ட் ஆகாது, பெற்றோல் கூடும் |
| பற்றரி பார்ப்பது | வீடு | ஃபியூஸ் போகும் |
| காபரேட்டர், தெப்பெட் | கராஜ் | சத்தம், புகை, இழுவை குறையும் |
| பிரேக் ஷூ, பேட், பிரேக் ஓயில் | கராஜ் | ரோட்டில்தான் தெரியும் |
| எஞ்சின் விளக்கு, வாரண்டி வேலை | கம்பனி | வாரண்டி போகலாம் |

## யாருக்கு எது?

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, அறையில் தங்கி ஸ்கூட்டர் ஓட்டுகிறார் என்றால் முற்றமும் இல்லை, ஆயுதம் வைக்க இடமும் இல்லை. காற்றும் பிரேக்கும் மட்டும் கிழமைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், மற்றதைக் கராஜில் கொடுக்கலாம். கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் வயல் செய்கிறவருக்கு வீட்டு வேலை ஆசைக்குச் செய்வது அல்ல, கட்டாயம். அறுவடை நாளில் பைக் நின்றால் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போகவே அரை நாள் போய்விடும். அவர் பிளக், ரியூப், கிளச் கேபிள் ஒவ்வொன்று வீட்டில் வைத்திருக்க வேண்டும். சம்மாந்துறை, அக்கரைப்பற்று போல நாலு கராஜ் பக்கத்தில் உள்ள ஊர்க்காரருக்குப் பொருளை நாம் வாங்கி வேலையை மெக்கானிக்கிடம் கொடுக்கும் நாலாவது வழி நன்றாக அமையும்.

இன்னொன்று. ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் பல அக்காமார் கராஜில் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே நிற்கச் சங்கடப்பட்டு, சர்விஸைத் தள்ளிப் போடுகிறார்கள். அவர்களுக்குக் கம்பனி சர்விஸின் கூடுதல் கூலி வீண் செலவே அல்ல. ஓயில் அளவு பார்ப்பதையும் காற்றுப் பார்ப்பதையும் வீட்டில் கற்றுக்கொண்டால் இடைப்பட்ட மாதங்களுக்கு அது போதும்.

## வெள்ளத்தில் நின்ற பைக்

மாரியில் இந்த ஒப்பீடு முழுவதும் மாறிவிடும் நிலைமை ஒன்று உண்டு. வவுணதீவு ரோட்டிலோ கிரான் பக்கமோ தண்ணீருக்குள் போகும்போது பைக் தானாக நின்றுவிட்டால் ஸ்டார்ட்டர் பட்டனைத் தொடாதீர்கள், கிக்கரும் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கழற்றிய பிளக்கின் கேபிளை ஒதுக்கி வைத்துக் கிக்கரை மெதுவாக மிதித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வரும். ஓயில் பாலூற்றிய தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, லாண்ட்மாஸ்டரிலாவது (இரண்டு சில்லு உழவு இயந்திரப் பெட்டியில்) ஏற்றிக் கராஜுக்குக் கொண்டு போங்கள். அங்கே ஓயிலை மாற்றி, சிறிது நேரம் ஓட விட்டு, இன்னொரு தடவையும் மாற்றச் சொல்லுங்கள். முதல் ஓயிலோடு தண்ணீர் முழுதாக வராது.